சாட்சிக்கு ஒருவர்

கார் சரளைப் பாதையில் திரும்பியபோது அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது. ஒரு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தேன்.

திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சாம்பல் நிறக் கார். பழையது. உள்ளே இரண்டு பேர். இறங்கவில்லை.

"வந்துட்டாங்க," என்றேன்.

என் கணவர் வெர்ன் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். "யாரு?"

"அந்த ரெண்டு பொண்ணுங்க. கல்யாணத்துக்குக் கொட்டகை கேட்டவங்க. ஒண்ணேகால் மணி நேரத்துக்கும் மேல முன்னாடியே."

"பசிக்குதோ என்னவோ."

அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தேன். திறந்து பார்த்தேன். மூன்றாவது வரி: நேரத்துக்கு முன்பே வருவார்கள்.

காகிதத்தைத் தந்தது வக்கீல். போன குளிர்காலத்தில் எங்கள் திருச்சபையின் கீழ்த்தளத்தில் கூட்டம் நடந்தது. மாநிலச் சட்டம் மாறிவிட்டது என்றார் அவர். கடை திறந்தவர், வருகிறவர் யாரை விரும்புகிறார் என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. இன்னொரு மாநிலத்தில் நீதிமன்றம் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது, இங்கே இன்னும் யாரும் வழக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஆகவே ஆட்கள் வருவார்கள். கல்யாணம் செய்துகொள்ள அல்ல, நம்மைச் சோதிக்க. முழுப் பெயர் தரமாட்டார்கள். விலை கேட்கமாட்டார்கள். பதிலை எழுத்தில் கேட்பார்கள். அப்படியொருவர் வந்தால் பொய் சொல்ல வேண்டாம், தனியாகவும் பேச வேண்டாம். சாட்சிக்கு ஒருவர் இருக்கட்டும்.

எனக்குச் சாட்சியாக ஹார்லன் ஸ்டீன்விக் ஒப்புக்கொண்டார். சபை மூப்பர். ஊரில் தீவனக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ப்ளூபெர்ரி வயலுக்கு அந்தப் பக்கம் தெரிகிற வெள்ளை வீடு அவருடையது.

சன்னலிலிருந்தே கார் எண்ணைப் படம் எடுத்து ஹார்லனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. கடையை அடைத்துவிட்டு வருகிறேன். பன்னிரண்டரைக்கு மேல் ஆகும். அதுவரை ஆம், இல்லை எதுவும் சொல்லாதே.

வெர்னிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் காகிதம் பிடிக்காது.

"நான்தான் பேசுவேன்," என்றேன். "நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சூப் வேணும்னு கேக்கலாமா?"

"வெர்ன்."

"சரி. பேசல."

நான் அயோவாக்காரி. முதல் கணவர் இறந்தபின் வெர்னை மணந்து மேற்கு மிச்சிகனுக்கு வந்தேன். இது நான்காவது இலையுதிர்காலம். இங்கேயும் அதே டச்சுப் பெயர்கள், அதே சபை, அதே பட்டாணி சூப். ஆனாலும் நான் வெளியூர்க்காரிதான். பண்ணை வெர்னுடையது. சமையலறை அவருடைய முதல் மனைவியுடையது. கொட்டகை மட்டும் என்னுடையது. புறா எச்சமும் இற்றுப்போன வைக்கோலுமாகக் கிடந்ததை நான்தான் கழுவினேன், பலகை மாற்றினேன், விளக்குகள் போட்டேன். இப்போது கோடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே ஒரு கல்யாணம். ஞாயிறு கிடையாது.

பத்துக் கல்யாணத்தில் எட்டு நம் சபைகளிலிருந்து வருகிறவை. நான் ஆம் என்றால் அந்த எட்டும் நின்றுவிடும். மூப்பர்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்வார்கள். இல்லை என்றால் மாநிலத் தலைநகர் லான்சிங்கிலிருந்து அரசாங்கக் கடிதம் வரும். பக்கத்து ஊரில் பூக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு வந்தது. அவள் இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள்.

கல்யாணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று கற்றுக்கொண்டவள் நான். இன்றும் அதைத்தான் நம்புகிறேன். அது எனக்குக் கஷ்டமான நம்பிக்கையாக இருந்ததில்லை, யாரும் வந்து கேட்காதவரை.

வாசலுக்குப் போனேன். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. குட்டையான பெண், கறுப்புப் பின்னல். மார்பில் நர்சுகள் குத்திக்கொள்கிற தலைகீழ் கடிகாரம்.

"மரிசோல் ஓர்டிஸ். நான்தான் மெயில் அனுப்பினேன். ரொம்பச் சீக்கிரம் வந்துட்டோம். நீங்க சாப்பிட்டு முடிங்க, நாங்க கார்லயே இருக்கோம்."

"நாங்க சாப்பிடப் போறோம்னு யார் சொன்னது?"

அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். "ஜே சொன்னா. பன்னிரண்டு மணின்னா டேபிள்ல இருப்பீங்கன்னு."

ஜே ஒல்லியாக இருந்தாள். முப்பது வயது இருக்கும். வெயிலே இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். மெயிலில் நிரப்பி அனுப்பிய படிவத்திலும் அந்த ஓரெழுத்துதான் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. ஜூன் மாதம், எந்தச் சனிக்கிழமையானாலும் சரி, ஞாயிறு வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். ஞாயிறு கிடையாது என்று நான் எங்கும் போடவில்லை. யாரோ விசாரித்து வைத்திருக்கிறார்கள்.

அடுப்பில் சூப் கொதிக்கும்போது முற்றத்தில் ஆளைக் காக்கவைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. சோதிக்க வந்தவராக இருந்தாலும்.

"உள்ள வாங்க," என்றேன்.

வெர்ன் எழுந்து நின்றார். மரிசோலுக்குக் கை கொடுத்தார். ஜே வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றினாள். வெர்ன் அவளைப் பார்த்தார். பிறகு சன்னலோரத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இங்க உக்காரு."

அது அவருடைய நாற்காலி. மருமகனுக்குக்கூடத் தந்ததில்லை.

வெர்ன் ஜெபம் செய்தார். சூப் ஊற்றினேன். 

எங்கள் ஆட்கள் இருவர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு விளையாட்டு தானாகத் தொடங்கிவிடும். டச்சு பிங்கோ என்போம். உன் அம்மா எந்த வீடு, தாத்தா எந்தச் சபை, உன் அத்தையைக் கட்டினவர் அந்தப் பால்பண்ணைக்காரர்தானே. மூன்று கேள்வியில் உறவு வந்துவிடும். வெர்ன் இதில் மன்னன். பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட விடமாட்டார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நான் பேசாதே என்றதை இவ்வளவு கச்சிதமாக அவர் கேட்டதில்லை.

நானே தொடங்கினேன்.

"உங்க முழுப்பேரு என்னம்மா?"

"ஜேன்னே கூப்பிடுங்க."

"சொந்த ஊரு?"

"கிராண்ட் ராபிட்ஸ்ல இருக்கேன்."

"இருக்கறது சரி. பிறந்தது?"

"இந்தப் பக்கம்தான்."

"எந்தப் பக்கம்? அம்மா எந்த வீட்டுக்காரங்க?"

அவள் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டாள். 

எங்கள் பெண் யாரும் இந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டாள். எங்களவள் இல்லை என்றால், இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

"நான் விளையாடறேனே," என்றாள் மரிசோல். "எங்கப்பா டெக்சஸ்காரர். தாத்தா வருஷாவருஷம் இங்க பெர்ரி பறிக்க வருவார். உங்க வயல்லயே பறிச்சிருப்பார்."

வெர்ன் என்னைப் பார்த்தார். பிறகு தடையை மறந்தார். "எந்த வருஷம்?"

"எழுபத்தெட்டு வாக்குல."

"அப்ப எங்கப்பா காலம். உங்க தாத்தா எங்கப்பாவைத் திட்டியிருப்பாரே?"

"நிறைய. ஸ்பானிஷ்ல."

"எங்கப்பா டச்சுல திட்டுவார். ரெண்டு பேருக்கும் புரிஞ்சிருக்காது. அதான் முப்பது வருஷம் சண்டையில்லாம பெர்ரி பறிச்சாங்க."

மரிசோல் சிரித்தாள். ஜே சிரிக்கவில்லை. சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்ரிச் செடிகள் சிவந்துகிடந்தன. அதற்கு அப்பால் ஸ்டீன்விக்கின் வீடு.

வாடகை எவ்வளவு என்று இருவரும் கேட்கவில்லை. எத்தனை பேர் உட்காரலாம், மழை வந்தால் என்ன, பாட்டு எத்தனை மணி வரை, எதுவும் கேட்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு வருகிற தாய்மார்கள் கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வார்கள்.

ஜே ஒன்றுதான் கேட்டாள்.

"கொட்டகையோட பின்கதவு இன்னும் திறக்குதா?"

"இன்னுமா?" என்றேன்.

அவள் கரண்டி நின்றது. "படத்துல பார்த்தேன்."

என் இணையப் பக்கத்தில் அந்தக் கதவின் படம் இல்லை. படங்களை எடுத்தது நான். பின்னால் பழைய பெஞ்சும் குப்பைத் தொட்டிகளும்தான் இருக்கின்றன.

ஆக, வந்து பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல். மேசைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டேன். கடிகாரம் பன்னிரண்டு இருபது.

தட்டு காலியானதும் மரிசோல் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு. தட்டையெல்லாம் நான் எடுக்கறேன்."

ஜே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.  பிடித்து உட்காரவைத்தாள். பிறகு தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினாள்.

நாங்கள் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறோம், சாப்பாட்டுக்குப் பின் வேதம் வாசிக்கிறோம். வாசிக்கும் முன் யாரும் எழுவதில்லை. முன் ஜெபம் எல்லா ஊரிலும் உண்டு. பின் வாசிப்பு எங்கள் வீடுகளில் மட்டும்தான். அதை எந்த வக்கீலும் யாருக்கும் கற்றுக்கொடுத்து அனுப்பமுடியாது. யாருக்கும் அது தோன்றாது.

வெர்ன் கை நீட்டி வேதப்புத்தகத்தை எடுத்தார். நேற்று விட்ட இடத்திலிருந்து வாசிப்பார். அது எதுவானாலும் சரி. அன்று நெகேமியா மூன்று. எருசலேமின் மதிலை யார் யார் எந்தெந்த வாசலில் பழுதுபார்த்தார்கள் என்கிற பட்டியல். மீன்வாசல், பழைய வாசல், குப்பைமேட்டு வாசல். முப்பத்திரண்டு வசனம். மரிசோல் பொறுமையாகக் கூரையைப் பார்த்தாள்.

"...தட்டாரும் வியாபாரிகளும் பழுதுபார்த்துக் கட்டினார்கள்." வெர்ன் புத்தகத்தை மூடினார். மூடிய கையோடு, தலையைத் தூக்காமல் கேட்டார். "கடைசி வார்த்தை என்ன?"

எங்கள் அப்பாக்கள் அப்படித்தான் கேட்பார்கள், பிள்ளைகள் கவனித்தார்களா என்று பார்க்க. வெர்ன் வேதபாட வகுப்பில் இருபது வருடம் பிள்ளைகளிடம் கேட்டவர்.

"கட்டினார்கள்," என்றாள் ஜே.

சொன்னபின்தான் அவளுக்கு, தான் சொன்னது தெரிந்தது. காது வரை சிவந்தாள்.

வெர்ன் மேசையைப் பார்த்தபடி தலையசைத்தார். எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

எனக்குப் பயம் கூடியது. வெளியாள் என்றால் ஒரு கணக்கு. இவள் எங்கள் வீட்டுப் பெண். எங்கள் வழக்கம் தெரிந்தவள். பெயர் சொல்லமாட்டாள், அம்மாவைச் சொல்லமாட்டாள். உள்ளே இருந்தவளையே அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அனுப்பினவர்கள் கெட்டிக்காரர்கள்.

"கொட்டகையைப் பாக்கலாம்," என்றேன். ஹார்லன் வரும்வரை நடக்கவைக்க வேண்டும்.

முற்றத்தைக் கடந்தோம். நான் பெரிய கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டும் பலகை வாசமும். விளக்கைப் போடவில்லை. மரிசோல் நடுவில் நின்று மேலே பார்த்தாள். ஜே நேராகப் பின்பக்கம் போனாள். இருட்டில் தடுக்காமல் போனாள்.

"மிஸஸ் குய்பர்ஸ்," என்றாள் மரிசோல். "நேராவே கேட்டுடறேன். குடுப்பீங்களா, மாட்டீங்களா? எதுவானாலும் ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

எழுத்தில் கேட்பார்கள். ஐந்தாவது வரி.

"எதுக்கு எழுத்துல?"

"ஏன்னா போன வருஷம் ஒரு இடத்துல வாயால சரின்னாங்க. மூணு வாரம் முன்னாடி கூப்பிட்டு, தேதியில குழப்பம்னாங்க. எங்கம்மா அதுக்குள்ள துணி தைச்சாச்சு."

"எந்த இடம்?"

அவள் உதட்டைக் கடித்தாள். "எதுக்கு? போன் பண்ணி உண்மையான்னு கேக்கவா?"

நான் அதைத்தான் நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு எத்தனையோ இடம் இருக்கு," என்றேன். "கிராண்ட் ராபிட்ஸ்ல இருக்கு. ஏரிக்கரை ஊர்கள்ல வானவில் கொடி கட்டி வரவேற்கறாங்க. நாப்பது கொட்டகையைத் தாண்டி இங்க வந்திருக்கீங்க. நாங்க எந்தச் சபைன்னு தெரிஞ்சே வந்திருக்கீங்க. ஏன்?"

"நானும் ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மரிசோல். "நேரா மாட்டேன்னு சொல்லாம எதுக்கு சூப் குடுத்து உக்காரவெச்சீங்க? அரை மணி நேரமா மணியைப் பாத்துட்டு இருக்கீங்க. உங்க வக்கீல் வரணுமா? நாங்க ஒரு கேஸா ஆகணும்னு காத்திருக்கீங்களா?"

 போன புதன்கிழமை ஹார்லன் சொன்னது ஞாபகம் வந்தது. நமக்கு ஒரு நல்ல கேஸ் வேணும், ஆர்லா. உன் கொட்டகை சுத்தமானது, உன் பேர்ல ஒரு புகாரும் இல்ல. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வெர்னிடம்கூடச் சொன்னேன். அவர்தான் கேட்டார், கொட்டகை அவருக்கா உனக்கா என்று.

பின்கதவின் தாழ் கிரீச்சிட்டது. ஜே திறந்துவிட்டாள். வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்தது. பெஞ்ச், குப்பைத் தொட்டி, சிவந்த செடிகள். செடிகளின் ஓரமாகக் கம்பி வேலி, அந்த வெள்ளை வீடு வரை.

"அவங்க இன்னும் இங்க வந்து உக்கார்றாங்களா?" என்று கேட்டாள்.

"யாரு?"

அவள் பெஞ்சைத் தொட்டாள்.

அந்தப் பெஞ்சில் ஒருவர்தான் உட்கார்கிறார். யூனிஸ் ஸ்டீன்விக், ஹார்லனின் மனைவி. கண் மங்கிவிட்டதால் காரை விட்டுவிட்டார். மழை இல்லாத நாளில் மூன்று மணிக்கு வேலிக் கம்பியை ஒரு கையால் தடவிக்கொண்டே வருவார். அரை மணி உட்கார்வார். காப்பி தந்தால் குடிப்பார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று முதல் வருடம் கேட்டேன். ரெண்டு பையன்கள் என்றார். சொல்வதற்கு முன் நேரம் எடுத்துக்கொண்டார். வயதானவர், எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"நீ யாரு?" என்றேன்.

"சொல்லிடு," என்றாள் மரிசோல்.

"சொன்னா இவங்க எங்கப்பாவுக்கு போன் பண்ணிடுவாங்க."

"ஜான்னா. சொல்லு."

ஜான்னா என்னைப் பார்க்காமல் பேசினாள். "ஏரிக்கரையில வெச்சா எங்கம்மா வரணும்னா யாராவது கூட்டிட்டு வரணும். அப்பா வரமாட்டார். அண்ணன்களை விடமாட்டார். எங்க வெச்சாலும் அவங்க யாரையாவது கேக்கணும். இங்கன்னா யாரையும் கேக்க வேண்டாம். வேலியைப் பிடிச்சுட்டே வந்துடுவாங்க. உள்ளகூட வர வேண்டாம். இந்தப் பெஞ்சுல உக்காந்தாப் போதும், கதவு திறந்திருந்தா."

"வீட்டை விட்டுப் போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"எட்டு."

முற்றத்தில் காலடிச் சத்தம். பெரிய கதவில் வெர்ன் நின்றார். தோளில் பாத்திரம் துடைக்கிற துணி.

"தெரிஞ்சுதா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் கிளாஸ்ல ஆறு வருஷம் உக்காந்தவ. கண்ணாடியைக் கழட்டினதுமே தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னே." துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை காய்ந்துதான் இருந்தது. "அவளாச் சொல்லணும்னு நெனச்சேன். நான் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"வெர்ன், நான் ஹார்லனைக் கூப்பிட்டுட்டேன்."

"எதுக்கு?"

"சாட்சிக்கு."

அவர் திட்டியிருக்கலாம். "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

"பன்னிரண்டரைக்கு மேலன்னார்."

மரிசோல் மார்பிலிருந்த கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "பன்னிரண்டு நாப்பது," என்றாள். பிறகு ஜான்னாவிடம், "நான் சொன்னேன்ல. சொன்னேனா இல்லையா? கார்ல ஏறு."

"பாதையில போனா எதிர்ல வருவார்," என்றேன். "பின்னாடி டிராக்டர் தடம் இருக்கு. வெர்ன் காரை எடுத்துட்டு வருவார். நீங்க நடந்து போங்க."

"நான் போகல," என்றாள் ஜான்னா.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும். எட்டு வருஷம் முன்னாடியும் அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. பின்வாசல் வழியாப் போன்னு." அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க. உங்களை எங்கயும் இழுக்கமாட்டேன், கடுதாசி போடமாட்டேன். இவ போடணும்னாலும் விடமாட்டேன். ஆனா சொல்லுங்க."

மரிசோல் கார் சாவியைப் பைக்குள் போட்டாள்.

ஜான்னா சொன்னதை நம்பினேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடிதம் வராது. லான்சிங் கிடையாது, வக்கீல் கிடையாது. இனி நான் மாட்டேன் என்றால் அது நான் சொன்னது மட்டுமே. மூன்று மணிக்கு அந்தப் பெஞ்சுக்கு யூனிஸ் வருவார். காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

சரி என்றால்? மூப்பர்கள் வந்து கூடத்தில் நான்கு நாற்காலிகள் கேட்பார்கள். பைபிளைத் திறந்துவைத்துக் கேட்பார்கள். கல்யாணம் என்றால் என்ன என்று அவர்கள் கேட்டால், என் பதிலும் அவர்கள் பதிலேதான். நான் அதை மாற்றிக்கொண்டுவிட்டேன் என்று சொன்னால் பொய்.

சரளையில் டயர் சத்தம் கேட்டது. ஹார்லனின் லாரி மெதுவாக வரும். தீவன மூட்டை சரியக்கூடாது என்று.

வெர்ன் கதவிலிருந்து நகரவில்லை. ஹார்லன் அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். கடையிலிருந்து வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மன்னிக்கணும், லேட் ஆயிடுச்சு." யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். "நான் சாட்சி மட்டும்தான். நடுவுல பேசமாட்டேன். நீங்க கேட்டதையும் இவங்க சொன்னதையும் அப்படியே எழுதிக்கறதுதான் என் வேலை. எல்லாருக்கும் நல்லது."

விருந்து மேசை ஒன்றின் முன் உட்கார்ந்தார். கொண்டுவந்த கோப்புறையைத் திறந்து அச்சடித்த படிவத்தை எடுத்தார். தேதி எழுதினார். மணி பார்த்து அதையும் எழுதினார்.  பின்கதவுப் பக்கம் அவர் இன்னும் பார்க்கவில்லை.

"ஹார்லன்," என்றார் வெர்ன்.

"இருப்பா. முறைப்படி போவோம்." பேனாவைத் தூக்கினார். "உங்க பேரும்மா?"

"மரிசோல் ஓர்டிஸ்."

எழுதினார். "இன்னொருத்தர்?"

ஜான்னா பெஞ்சிலிருந்து எழுந்து கதவு நிலையில் வந்து நின்றாள். வெளிச்சம் பின்னாலிருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. உருவம் மட்டும் தெரிந்தது.

"ஜான்னா ரூத் ஸ்டீன்விக்," என்றாள்.

பேனா காகிதத்தில் நின்றது.  ஹார்லன் நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். நாங்கள் எல்லோருமே காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். வெர்ன் தோளிலிருந்த துணி கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

ஹார்லன் எழுதினார். முழுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினார். அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினார். தலையைத் தூக்காமலே என்னிடம் கேட்டார்.

"சொல்லும்மா ஆர்லா. இவங்க கேட்டதுக்கு நீ என்ன பதில் சொன்னே?"